ஒன்பது பல், நாற்பத்தொரு பல்

1958-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மழை இல்லை. வானம் மூடிக் கிடந்தது. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் கடைகளின் மாடி ஜன்னல்களிலிருந்து நீட்டியிருந்த மூங்கில் கழிகளில் காயப்போட்ட துணிகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்டோரிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் நேரத்தையும் வானிலையையும் எழுதிவைப்பது என் வழக்கம். வானிலை எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. ஈரக் காற்றில் இரும்பு எத்தனை நாளில் துருப்பிடிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மற்றவர்கள் துருவைப் பார்த்தால் துடைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அன்று சோறு இறங்காது.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்துத் தேறியவன் என்பதால் அந்தக் கார்ப் பட்டறையில் எனக்கு ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. முதலாளி சீனர். அவரைத் தவுக்கே என்றுதான் எல்லோரும் அழைப்போம். ஸ்டோர் சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. ஒரே வகைச் சாமான் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், அட்டையில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை நான் கொண்டுவருவதற்குமுன் அங்கே எல்லாம் சாக்குப்பைகளில் கிடந்தன.

அந்த வியாழக்கிழமை மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் தலைமை மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஜப்பான் சண்டைக்கு முன்பே கப்பலேறி வந்த கத்தோலிக்கர். பட்டறைக்கு மேலே, பதினான்கு படி ஏறினால் ஓர் அறை. அதில் அவரும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அறைக்கு வாடகை இல்லை, வேலையோடு வந்த அறை. வேலை போனால் அறையும் போகும். அவர் என்னைக் கிராணி என்பார். நான் அவரை அண்ணன் என்பேன்.

"கிராணி, அந்தச் சனியன் பிடிச்ச காருக்கு ஸ்பேர் ரெண்டு செட் வந்துச்சுல்ல, ஒண்ணு எடு."

சனியன் பிடித்த கார் என்று அவர் சொன்னது ஒரு பழைய ஆங்கிலேய ரேஸ் காரை. 1934-இல் செய்தது, இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. ரப்பர் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் அதை மலாயாவில் ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கி வந்திருந்தார். எஞ்சின் நன்றாக இருந்தது. பின் ஆக்சில்தான் தீராத நோயாளி. முதலில் ஆக்சில் எண்ணெய் சக்கரப் பக்கம் கசிந்து பிரேக்கை நனைத்தது. அதைச் சரிசெய்தார் மெக்கானிக். அடுத்து, சக்கரத்தைச் சுற்றும் தண்டு ஒன்று முறிந்தது. அதையும் சரிசெய்தார். மூன்றாவதாக, அந்தச் செவ்வாய்க்கிழமை, ஓட்டிப் பார்க்கும்போது உள்ளே பல் உடைந்தது. மார்ச் 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மலையேற்றப் பந்தயம். பதினேழு நாள் இருந்தது. தவுக்கே மெக்கானிக்கிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை அந்த ஆக்சில் உடைந்தால், உன் ஸ்பானர் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு போ.

ஆக்சிலின் வயிற்றுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டின் முனையில் இருக்கும் சிறியது பினியன். அது சுற்றி, தட்டுப் போல அகலமான கிரௌன் வீலைச் சுற்றவைக்கும். அதிலிருந்துதான் பின்சக்கரங்களுக்கு ஓட்டம் போகும். நான் ஒரு பெட்டியிலிருந்து கிரௌன் வீல் ஒன்றை எடுத்து வைத்தேன், அடுத்த பெட்டியிலிருந்து பினியன் ஒன்றை எடுத்து வைத்தேன். இரண்டும் வெள்ளிப் பாத்திரம் போல மின்னின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மெக்கானிக் பினியனின் முனையைப் பார்த்தார். கிரௌன் வீலைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"நம்பர் எங்க?"

"எந்த நம்பர் அண்ணே? சாமான் நம்பர் அட்டையில இருக்கு."

"அட்டையில இருக்கற நம்பர வச்சு நான் நாக்கு வழிக்கவா? ஜோடி நம்பர்டா. ரெண்டுலயும் ஊசியால கீறுன மாதிரி இருக்குமே."

"துருவா இருந்துச்சுண்ணே. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

"எதத் தேச்ச?"

"நாலையும்."

"மாதாவே," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்தார்.

நான் செய்த காரியம் இது. ஜனவரியில் அந்த உதிரிச் சாமான்கள் இரண்டு மூட்டையாக, எண்ணெய்த்தாள் சுற்றி, சணல் கட்டி வந்தன. மூட்டைக்கு ஒரு கிரௌன் வீல், ஒரு பினியன். பிரித்து எண்ணினேன். இரண்டு கிரௌன் வீலுக்கும் நாற்பத்தொரு பல். இரண்டு பினியனுக்கும் ஒன்பது பல். எனவே ஒரே வகைச் சாமான். கிரௌன் வீல் இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டு அட்டையில் 2 என்று எழுதினேன். பினியன் இரண்டையும் அடுத்த பெட்டியில் போட்டு 2 என்று எழுதினேன். அதற்குமுன் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து துருவைத் தேய்த்தேன். பல்லின் முகத்தையும் விடவில்லை.

மெக்கானிக் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். தொழிற்சாலையில் ஒரு கிரௌன் வீலையும் ஒரு பினியனையும் சேர்த்துச் சுற்றவிட்டு, ஒன்றோடொன்று உரசித் தேயவைத்துத்தான் அனுப்புவார்கள். அதன்பின் அதற்கு இதுதான், இதற்கு அதுதான். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் மாற்றி மாட்டினால் சேராது. அதற்காகத்தான் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பார்கள்.

"நம்பர் போனாலும் பல்லுல தேஞ்ச தடம் இருந்தா, எதுக்கு எதுன்னு கண்டுபிடிச்சிருவேன். தடத்தையும்ல தேச்சு வச்சிருக்க."

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"பொண்ணு பாக்க வந்தாங்களா, சுத்தம் பண்ணி வைக்க? புருஷன் ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல போட்டு, பொண்டாட்டி ரெண்டு பேரையும் இன்னொரு ரூம்ல போட்டு, தலைய எண்ணிக் கணக்கு எழுதியிருக்கியே கிராணி. கணக்கு மட்டும் சரியா இருக்கு."

அவர் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்துக்காகச் சிகரெட்டை விட்டிருந்தார். அன்று அதில் இருபத்து மூன்றாவது நாள். கடைக்காரச் சீனரிடம் ஒரு சிகரெட் வாங்கி வந்து என் மேசைமுன் நின்று பற்றவைத்தார். பாதிதான் புகைத்தார்.

நான் தவுக்கேயிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

"சொல்லி? உன்ன அனுப்புவான். அனுப்பினா நம்பர் மொளச்சு வந்துருமா? வெள்ளைக்காரன்கிட்ட இந்த மாசம் கார் ஓடும்னு வாக்குக் குடுத்துட்டான். புதுசு சீமையிலருந்து வர நாலு மாசம். நம்மகிட்ட நாலு துண்டு இருக்கு. ஒரு கிரௌனுக்கு ரெண்டு பினியன்ல ஒண்ணு சரியான ஜோடி. சரி பாதி வாய்ப்பு. பாத்துக்கலாம். வாய மூடிக்கிட்டுக் கிட."

வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னதற்காக மூடினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அதற்கு அட்டை எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வேலை ஆறு நாள் நடந்தது. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை, அதன் பின்னால் தாள் போன்ற மெல்லிய இரும்பு வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்வார்கள். ஒரு வளையம் கூடினால் சத்தம், ஒன்று குறைந்தால் வேறு சத்தம். ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிடுங்கி, வளையத்தை மாற்றி, மறுபடி அழுத்தி ஏற்ற வேண்டும். நான் எண்ணினேன்: பதினொரு முறை ஏற்றி இறக்கினார். பல் எங்கே படுகிறது என்று பார்க்கப் பல்லின்மேல் சாயம் தடவிச் சுற்றுவார்கள். மற்ற பட்டறைகளில் டப்பாவில் வரும் நீலச் சாயம். நம் மெக்கானிக் குங்குமத்தை ஆக்சில் எண்ணெயில் குழைத்துத் தடவுவார். அதுதான் நூல் மாதிரி துல்லியமாகத் தடம் காட்டும் என்பது அவர் கட்சி. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் பொட்டலம் பொட்டலமாக வாங்குவார். கழுத்தில் ஜெபமாலை போட்ட ஆள் இவ்வளவு குங்குமம் எதற்கு வாங்குகிறார் என்று பூக்கடைக்காரர் என்னிடமே ஒரு முறை விசாரித்தார்.

அந்த ஆறு நாளும் அவர் சட்டை முழுக்கச் சிவப்பு. அவர் மனைவி படியில் நின்றபடியே சொன்னது நினைவிருக்கிறது.

"தம்பி, இந்த மனுஷன் சட்டையத் தொவைச்சுக் கொடியில போட்டா, அடுத்த மாடி சீனத்தி 'உங்க வீட்ல யாருக்கு வெட்டு'ங்கறா. நீயாவது சொல்லக்கூடாதா?"

"அவன எதுக்குக் கேக்கற? அவன்கிட்டக் குடுத்தா உப்புத்தாள் போட்டு வெளுத்துருவான்," என்றார் மெக்கானிக், காருக்கு அடியிலிருந்து.

அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாது. சிரித்துவிட்டு மேலே போனார். நான் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 19-ஆம் தேதி புதன்கிழமை மாலை குங்குமத் தடம் ஓரளவுக்குப் பல்லின் நடுவில் விழுந்தது. மெக்கானிக் நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை.

"பரவாயில்ல. ஆனா இது நான் வளையம் போட்டு இழுத்து வச்ச தடம். தானா வந்து உக்காந்த தடமில்ல. அந்த இன்னொரு பினியனயும் மாட்டிப் பாத்துரணும்."

தவுக்கேயிடம் போய் இன்னும் ஆறு நாள் கேட்டார். நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, இருவரும் பட்டறை மலாயில் பேசிக்கொள்வார்கள். தவுக்கே தானே குனிந்து தடத்தைப் பார்த்தார். நடுவில் இருக்கிறது, இதற்குமேல் என்ன, நான்கு லாரி வெளியே நிற்கிறது, மூடு என்றார். ஏன் இன்னொரு பினியன் என்று கேட்டார். மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை. சும்மா, பார்க்கலாம் என்றுதான், என்றார். நான் ஐந்து அடி தூரத்தில் ஒரு பெட்டியில் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, அங்கே எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஆக்சிலை மூடினார்கள். பிடோக் வரைக்கும் கடற்கரைச் சாலையில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பது மைலுக்குமேல் போனால் பின்னாலிருந்து நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் நிற்கும். காரை எடுத்துப்போக வந்த வெள்ளைக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ரேஸ் கார் என்றால் கொஞ்சம் பாடத்தான் செய்யும் என்று சிரித்தார். நல்ல மனிதர். அவருக்கும் நான் சொல்லவில்லை.

மார்ச் 30. குருத்தோலை ஞாயிறு. மெக்கானிக் காலைப் பூசை பார்த்துவிட்டு நேராகப் பந்தய இடத்துக்கு வந்தார். பாசிர் பாஞ்சாங் பக்கத்து மேட்டுச் சாலை அது. கீழே இருந்து ஒவ்வொரு காராகப் புறப்பட்டு உச்சிக்குப் போக வேண்டும், நேரம் எடுப்பார்கள். வெள்ளைக்காரர் ஓட்டிய எங்கள் கார் பதினோராவது. நான் முதல் திருப்பத்தில் ஒரு மழைமரத்தடியில் நின்றேன். மெக்கானிக் புறப்படும் கோட்டருகில் நின்றார், வெள்ளைச் சட்டை, கையில் இன்னும் அந்தக் குருத்தோலை.

கொடி விழுந்தது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஊளைச் சத்தம் முதலில் வந்தது, பிறகு கார் வந்தது. ஒன்பது எண்ணும்போது தகரக் கூரைமேல் சரளைக்கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம். அதற்குப்பின் எஞ்சின் மட்டும் வீறிட்டது, கார் போகவில்லை. நின்று, மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. இரண்டு பேர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள்.

மெக்கானிக் ஓடிவரவில்லை. சாலையோரமாக நடந்து வந்தார். மண்டியிட்டு ஆக்சிலின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். சூடு. எழுந்து என்னிடம் வந்து நின்றார்.

"நமக்கு விழுந்தது பாதியில மறு பாதி," என்றார்.

அன்று மாலையே எண்ணெயை வடித்துப் பார்த்தோம். ஒன்பது பல்லில் ஐந்து மிச்சம். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று. உடைந்த பற்கள் எல்லாமே ஒரே ஓரத்தில் முறிந்திருந்தன. நல்ல ஜோடியாக இருந்திருந்தால் அப்படி ஓரத்தில் பாரம் ஏறியிருக்காது என்றார் மெக்கானிக். பழைய கார், பழைய இரும்பு, நல்ல ஜோடியும் உடைந்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டாவதை அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தவுக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஏப்ரல் மாதத்தோடு வேலை முடிந்தது, அறையும். எட்டே முக்காலுக்கு நான் உள்ளே போனேன். தவுக்கே கணக்குப் போடும் மணிச்சட்டத்தை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் திரட்டி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மூட்டையைப் பிரித்ததும் நான், கலந்ததும் நான், தேய்த்ததும் நான். அட்டையைக் காட்டினேன். 'துரு நீக்கியது, 4 உருப்படி' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கிராணி, மூணு வருஷத்துல ஒரு ஆணி கூடக் கணக்குல தப்பல நீ. இப்ப வந்து நாலு துண்டு இரும்பக் கெடுத்துட்டேன்னு சொல்ற. அவனும் தமிழன், நீயும் தமிழன். நல்ல மனசுதான். ஆனா என்ன முட்டாளாக்காத லா."

"பொய் இல்ல தவுக்கே. சத்தியமா நான்தான்."

"அப்ப பதிமூணாம் தேதியே ஏன் சொல்லல?"

இதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: அவர் சொல்ல வேண்டாம் என்றார். அதைச் சொன்னால், ஜோடி இல்லை என்று சந்தேகம் இருந்தும் தெரிந்தே மாட்டினான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று ஆகும். நின்றேன். கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"பாத்தியா," என்றார் தவுக்கே. "சரி, நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம். இரும்பப் பாத்து மாட்டுறது யாரு? கிராணியா, மெக்கானிக்கா? தெரியாம மாட்டினாலும் அவன் தப்பு, தெரிஞ்சு மாட்டினாலும் அவன் தப்பு. சுடா லா, போதும், போய் வேலையப் பாரு."

என்னை வேலையைவிட்டு அனுப்புங்கள், அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகு, எங்கே சரி என்றுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். உன்னை அனுப்பினால் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியை யார் பார்ப்பது என்றார். வெளியே போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒன்று சொன்னார்: "அந்தக் கார் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கார் ஓடினால் அவர் திரும்பலாம். வெள்ளைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. காரைச் செய்த இடத்திலேயே பழைய வரைபடம் வைத்துப் புதிய ஜோடி வெட்டித் தருவார்கள் என்று சொல்லி, முகவரி கொடுத்தார். தனக்கு ஊர் திரும்பும் நாள் நெருங்குகிறது, இனி இந்தக் காரில் ஒரு காசும் போடமாட்டேன் என்றும் சொன்னார். ஏப்ரல் 9-ஆம் தேதி என் பெயரில், என் கையிலிருந்து, ஒரு ஜோடிக்கு எழுதிப் போட்டேன். மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. வீணாக நம்பவைக்க வேண்டாம் என்று நினைத்தேன். பதினான்கு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

ஏப்ரல் 30, புதன்கிழமை, மாலை மூன்று மணி, தூறல். பதினான்கு படிகளில் இருபத்தாறு நடையில் சாமான்கள் இறங்கின. லாரி வாடகையை நான் கொடுத்தேன். மெக்கானிக் தடுக்கவில்லை. அவர் தடுப்பார் என்று ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன், அது வேண்டியிருக்கவில்லை. பிடோக்கில் மனைவியின் அண்ணன் வீட்டு ஒட்டுத் தாழ்வாரத்துக்குத்தான் போனார்கள்: ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, அவர்களே ஐந்து பேர், இவர்கள் ஆறு. அதற்குள் மற்ற பட்டறைகளுக்கும் பேச்சு போய்விட்டது. எங்கே போனாலும், நீதானே அந்த ரேஸ் கார் ஆக்சிலை மூன்று முறை உடைத்தவன் என்று கேட்டார்களாம். இரண்டு முறை சரிசெய்தவர் அவர். அதை யாரும் எண்ணவில்லை.

ஜூன் மாதம் வெள்ளைக்காரர் கப்பலேறினார். ஜூலையில் ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் அந்தக் காரை வாங்கினார். வாங்கியவர் உடைந்த ஆக்சிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு சிறிய லாரியின் ஆக்சிலை அடியில் வைத்துப் பற்றவைத்து, ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் பட்டறைக்கு முன்னாலேயே செய்தார்கள், இரண்டு நாள் வேலை. புது மெக்கானிக் செய்தார். கார் ஓடியது. தவுக்கே என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மரப்பெட்டி வந்தது. உள்ளே கிரௌன் வீலையும் பினியனையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே எண். ஜொகூர்க்காரருக்கு இப்படி ஒன்று இருக்கிறது, பழைய ஆக்சிலைச் சரிசெய்து மாட்ட ஒரு நல்ல மெக்கானிக்கும் இருக்கிறார் என்று கடிதம் எழுதினேன். லாரி ஆக்சில் நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

வேறென்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிடோக் போனேன். இருபத்தேழு ராத்தல் எடை. பேருந்து நின்ற இடத்திலிருந்து அந்த வீட்டுக்கு நானூற்று நாற்பது அடி எடுத்துவைத்தேன், நடுவில் ஐந்து இடத்தில் இறக்கி வைத்தேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. இப்போது அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"வாங்க தம்பி," என்றார். முன்பெல்லாம் வா என்பார். "அவரு ஐஸ் பேக்டரிக்குப் போயிருக்காரு. ஞாயித்துக்கெழமையும் உண்டு. கட்டி தூக்கற வேல."

"ஸ்பானர் பெட்டி?"

"வித்தாச்சு. பெரியவளுக்குப் பள்ளிக்கூடச் செலவு."

மெக்கானிக் பதினொரு மணிக்கு வந்தார். தோளில் சாக்கு, சட்டை முழுக்க ஈரம். பெட்டியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். குனிந்து எண்ணைப் படித்தார், இரண்டிலும்.

"புதுசு," என்றார்.

"ஏப்ரல்லயே எழுதிட்டேன் அண்ணே. கார் ஓடினா தவுக்கே..."

"கார்தான் போயிருச்சே. கேள்விப்பட்டேன்."

"வேற யாருகிட்டயாவது அந்த மாதிரிக் கார் இருந்தா..."

"இந்த ஊர்ல அது ஒண்ணுதான்டா." சாக்கைக் கொடியில் போட்டார். "இங்க வச்சிட்டுப் போகாத. மச்சான் பாத்தாருன்னா படகுக்கு நங்கூரம்பாரு. கம்பிய மட்டும் பிரிச்சிராத, உன் கையப் பாத்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கு ஒரு குவளை காப்பி வந்தது, குடித்தேன். காரைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. ஐஸ் கட்டி ஒன்றின் எடை எவ்வளவு என்று கேட்டேன். மூன்று மணங்கு என்றார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். எண்ணுவதில்லை என்றார். அவருக்கு அதன்பின் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. 1963-இல் முதுகு விழும்வரை ஐஸ்தான் தூக்கினார். அதற்கிடையில் நான் நான்கு பட்டறைகளில் அவருக்காகக் கேட்டேன், நான்கிலும் இல்லை என்றார்கள். முதுகு விழுந்த அந்த வருடமே எனக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குவீடு கிடைத்தது. குடிவந்த அன்று அவர்களை அழைத்தேன். வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஜோடியின் விலை, வங்கிக் கட்டணம், கப்பல் கூலி, துறைமுகக் கூலி, பிடோக்குக்குச் சாமான் ஏற்றிய லாரி, எனக்கும் பெட்டிக்குமான பேருந்துச் சீட்டுகள் எல்லாம் சேர்த்து, நான் செலவழித்தது நூற்று அறுபத்து நான்கு மலாயா வெள்ளி தொண்ணூற்றேழு காசு.